ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் தடவை

என் மகள் ஒன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள். படிப்பு வராமல் இல்லை. முதல் தடவையே வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பள்ளி அலுவலகத்தில் வாங்கி, பிரவுன் தாளில் அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருந்தாள் அவள் அம்மா. பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் அந்த அட்டைகளை எல்லாம் உரித்து, புத்தகங்களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவன் நான்தான். வரும்போது ஒன்றாம் வகுப்புப் புத்தகம் இரண்டு கட்டு வாங்கி வந்தேன். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் தம்பிக்கு.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. கடைக்கு வந்த இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கூடக் கொண்டேன்.

தென்காசியில் எனக்குப் பெயிண்ட் கடை. வீடு குத்துக்கல்வலசையில். மகள் பிறந்து ஒன்றரை வருஷத்தில் மகன் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கழுத்து நிற்கத் தாமதம், நடக்க மூன்று வயது ஆனது. இரண்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வலிப்பை மருந்தில் கட்டுப்படுத்தலாம், ஆனால் அறிவு வளர்ச்சி தாமதமாகத்தான் இருக்கும், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடக் கூடாது, மெதுவாக வருவான் என்று அவர் சொன்னார். நான் அந்த ‘மெதுவாக’வை விட்டுவிட்டு ‘வருவான்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவனுக்கு ஐந்து வயது முடிந்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்று தென்காசியிலேயே ஒரு பகல் நேர மையம் இருப்பதாக என் மனைவி கேள்விப்பட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் வடகரை. அங்கே அவள் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை அந்த மையத்துக்குப் போய் வருகிறதாம். ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம்.

வாடகை வீடுதான். பதினைந்து பிள்ளைகள் இருக்கும். மீசை அரும்பிய ஒரு பையன் எச்சில் ஒழுக வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். ஒரு பெண்பிள்ளை விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தலையில் கவசம் போட்டிருந்தது. ஓர் ஓரத்தில் பாய் விரித்து ஒரு ஆசிரியை, பலகையில் தைத்திருந்த பெரிய பெரிய பொத்தான்களை ஒரு சிறுவனுக்குப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மகன் என் கையை விட்டுவிட்டு நேராகப் போய் அந்தப் பாயில் உட்கார்ந்தான். அவன் அம்மாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

திங்கள்கிழமையே அனுப்பலாம் என்றார் பொறுப்பாசிரியை. வலிப்பு வருமே என்றேன். அதற்கெல்லாம் நாங்கள் பழகினவர்கள்தான் என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டேன்.

பைக்கில் வரும்போது, “அவன் இந்தப் பிள்ளைகள மாதிரி இல்ல” என்றேன். கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தியதும், பின்னால் இருந்த என் மனைவி, “அவன் அங்கன போயி உக்காந்ததப் பாத்தீங்களா?” என்று கேட்டாள். நான் பார்த்திருந்தேன். கேட் திறந்ததும் வண்டியைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறினேன். நான்கு இடத்தில் இல்லை என்றுவிட்டார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்துத்தான் இல்லை என்றார்கள். ஐந்தாவதாகப் போனது என் மகள் படித்த பள்ளி. அங்கே தலைமையாசிரியை என்னை நன்றாகத் தெரிந்தவர். பள்ளிக்கு வெள்ளை அடிக்க எங்கள் கடையில்தான் வாங்குவார். பையன் பாடத்தில் பின்தங்குவது பற்றிக் கவலை இல்லை, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், நடுவில் வலிப்பு வந்தால் அவள் எதைப் பார்ப்பாள், அதுதான் பயம் என்றார்.

அப்போது அந்த யோசனையைச் சொன்னது நான். பல வருஷம் வரை, பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பவும் ஆரம்பித்திருந்தேன். உண்மையில் சொன்னது நான்தான்.

“அவன் அக்கா பக்கத்துலயே இருந்தா சேத்துக்கிடுவீங்களா மேடம்?”

“அவ ரெண்டாங் கிளாஸ் போகணுமே அண்ணாச்சி.”

“ஒரு வருஷந்தான. பொம்பளப் பிள்ள, அதனால என்ன?”

வீட்டம்மாவிடம் கலந்து பேசினீர்களா என்று அவர் கேட்டார். அவளுக்கும் சம்மதம்தான் என்றேன். வீட்டில் அதைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: “அவகிட்ட கேட்டீங்களா?” ஆறரை வயசுப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மகளை மடியில் உட்கார வைத்து, இனிமேல் நீதான் தம்பிக்கு டீச்சர் என்று சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொஞ்சம் கழித்து, என் பிரெண்ட்ஸ் எல்லாம் எங்கே இருப்பார்கள் என்று கேட்டாள். மாடியில் இருப்பார்கள், இன்டர்வெல்லில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பள்ளி திறந்த முதல் நாள் சாயங்காலம் வந்து, “அப்பா, இது நான் படிச்ச பாடம்” என்றாள். “அப்போ நீதாம்ட்டி பர்ஸ்ட்டு” என்றேன். முதல் மார்க் வாங்கவும் செய்தாள். பரிசு வாங்கும் படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்தேன்.

எட்டாம் வகுப்பு வரை பள்ளியாக யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் இரண்டு பேரும் ஒன்றாகவே மேலே போனார்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் ஓரம், அவன் உள்பக்கம். அப்போதுதான் அவன் எழுந்து வெளியே ஓடாமல் இருப்பான். அவனுக்கு டை கட்டுவது, பொத்தான் போடுவது, மூக்குத் துடைப்பது, டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்து அவன் தின்று முடித்த பிறகு தான் தின்பது, எல்லாம் அவள்தான். இரண்டாம் வகுப்பு வரை பாத்ரூமுக்குப் பெண்பிள்ளைகள் பக்கமே கூட்டிப்போனாள். பிறகு ஒரு டீச்சர் ஆட்சேபம் சொன்னதால், ஆயாவைத் தேடிப் பிடித்து அவனை அனுப்பிவிட்டு, வாசலில் அவன் காற்சட்டையைச் சரி செய்ய நிற்பாளாம். இதெல்லாம் ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஒருநாளும் வீட்டில் வந்து சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். ரோஸ் கலர் வார். அவ்வளவு சந்தோஷப்பட்டாள். கையில் கட்டிவிட்டுக்கொண்டே, தம்பிக்கு வலிப்பு வந்தால் எத்தனை நிமிஷம் என்று இதில் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷத்துக்கு மேலே போனால் பையில் இருக்கும் மருந்தை மூக்கில் அடிக்கச் சொல்லி டீச்சரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டாள். சின்ன முள் எது, பெரிய முள் எது, ஓடுகிற முள் எது என்று மறுபடியும் ஒரு தடவை என்னிடம் சொல்லிச் சரிபார்த்தாள்.

நான்காம் வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. யாரோ ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தை வைத்திருக்கிறார்கள். இவள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, டையைத் தளர்த்தி, எல்லாரும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நான் பதறிக்கொண்டு போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நோட்டில் எழுதியிருந்தாள்: ‘மூன்று நிமிஷம் பத்து செகண்ட். வலது கை முதலில்.’ அந்த மாதம் திருநெல்வேலி போனபோது டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காகப் பெரியவர்கள்கூட எழுதிவர மாட்டார்கள் என்று அவள் கன்னத்தைத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும் வழியில் அவளுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் பயமாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அரை மணி நேரம் மகனைப் பற்றியே பேசுவோம். உட்காருகிறானா, எழுதுகிறானா, யாரையும் கடித்தானா. எழுந்திரிக்கும்போது மகளைப் பற்றிக் கேட்பேன். அவளுக்கு என்ன, தங்கமான பிள்ளை என்பார்கள். நானும் கல்யாண வீடு, கோயில் கொடை விழா என்று போகிற இடத்தில் எல்லாம் அதையேதான் சொன்னேன். எல்லோரும் இப்படிப் புகழப் புகழ, எனக்கு முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாயே இல்லாமல் போனது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் கடைக்கு அவன் நோட்டைக் கொண்டு வந்திருந்தான். சும்மா புரட்டினேன். எல்லாப் பாடமும் எழுதியிருந்தது. எழுத்து கோணல் மாணலாக இருந்தாலும் பிழை இல்லை. என் மகன் எழுதிவிட்டானே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு விம்மியது. பிறகுதான் அந்த ‘ழ’வைக் கவனித்தேன். கால் சுழித்துப் போடுவது மகளுடைய வழக்கம். தன் நோட்டை நேராக எழுதிவிட்டு, அவன் எழுதியது போல இருக்க வேண்டும் என்று அவன் நோட்டில் வேண்டுமென்றே கோணலாக எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை. அவளைக் கூப்பிட்டு இதை நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

ஆறாம் வகுப்பில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். எங்களுக்குக் குற்றாலம் ஒரு ஊர்ப்பயணமே இல்லை. சாரல் ஆரம்பித்தால் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக்கூடப் போய்க் குளித்து வருவோம். ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போவது வேறு. ஒரு வாரமாக அவள் அதே பேச்சு. அருவித் தண்ணீருக்குள் அவனை விட முடியாது, வழுக்கும், வலிப்பும் வரலாம், ஆனால் கூட வரட்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். யார் அவனைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

சாயங்காலம் அழைத்துவரப் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாத் தலையும் ஈரம். ஈரத்துணி மூட்டைகளிலிருந்து படியெல்லாம் தண்ணீர் சொட்டியது. கையில் நேந்திரங்காய் சிப்ஸ். கடைசியாக இவள் தம்பியைக் கைப்பிடித்து இறக்கினாள். காலையில் அவள் அம்மா கட்டிவிட்ட ரிப்பன் அப்படியே இருந்தது. பையில் துண்டு வைத்த மடிப்புக் கலையாமல் தெரிந்தது. ஐந்தருவி இரைச்சலைக் கேட்டு அவன் பயந்துபோய் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டானாம். பஸ்ஸிலேயே அவள் மடியில் படுத்துத் தூங்கியிருக்கிறான். இது பின்னால் ஒரு டீச்சர் சொன்னது. ஆனால் அந்த ரிப்பனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் அவளிடம் கேட்டது, “அவன் சாப்பிட்டானா?”

சாப்பிட்டான் என்றாள். பைக்கில் அவனை நடுவில் உட்கார வைத்து, வழக்கம்போலப் பின்னால் ஏறி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ஒருவர் மாடிக்கு அடிக்க இளம் மஞ்சள் கேட்டு நின்றார். மெஷினில் கலர் கலந்துகொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. என்னவோ ஏதோ என்று போனேன். மகனுக்கு ஒன்றும் இல்லை. என் மகள்தான் தனியாகத் தலைமையாசிரியை அறைக்குப் போயிருக்கிறாள். ஒன்பதில் இரண்டு பிரிவு உண்டு, தம்பி ஏ பிரிவில் இருக்கட்டும், என்னை பி பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

“எட்டு வருஷத்துல அவ எங்கிட்ட கேட்ட மொத விஷயம் இதுதான் அண்ணாச்சி” என்றார் அவர். “அன்னைக்கு நீங்க கேட்டப்பவே நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். எனக்கும் அது வசதியாப் போச்சு.”

அப்படி ஒருவர் தன் தப்பை என் முன்னால் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மகளை நிற்க வைத்துக் கத்தினேன். கூடப் பிறந்தவனுக்குச் செய்யாதவள் யாருக்குச் செய்வாய் என்றேன். சுயநலம் என்ற சொல்லையும் சொன்னேன். பதினாலரை வயதுப் பிள்ளை. அழவில்லை.

“அவன் வேண்டாம்னு நான் சொல்லலப்பா. அவனப் பாத்துக்கிடுத வேலை வேண்டாம்னு சொல்லுதேன். வீட்டுல பாத்துக்கிடுதேன். ஸ்கூல்ல நானும் படிக்கத்தான வந்தேன்?”

என் மனைவி கதவோரத்தில் நின்றிருந்தாள். “எட்டு வருஷம் கழிச்சு அவளே கேக்கா. நான் அன்னைக்கே கேட்டேன்” என்றாள். சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் அன்றைக்குச் சத்தம் போட்டவன் நான் ஒருவன்தான்.

அவள் பக்கத்தில் இல்லாமல் அவனை அந்தப் பள்ளியில் வைத்திருக்க வழியில்லை. அடுத்த வாரம் மகனைப் பள்ளியிலிருந்து எடுத்து அந்த மையத்தில் சேர்த்தோம். இப்போது கொஞ்சம் பெரிய கட்டடத்துக்கு மாறியிருந்தார்கள். அதே பொறுப்பாசிரியை, தலை நரைத்திருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்துவிட்டுப் போனவன் நான் என்று அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தான் தானே போடுவானா என்று கேட்டார். மாட்டான் என்றேன். டிபன் பாக்ஸ் திறப்பானா? மாட்டான். பாத்ரூம் போய்விட்டுத் தானே கழுவுவானா? தெரியவில்லை என்றேன்.

நான்கு மாதத்தில் பொத்தான் போட்டான். என் மகனால் முடியாது என்றே நாங்கள் நினைத்திருந்த காரியம். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமும் மணி அடிப்பதற்குள் ஆக வேண்டும் என்று அவன் அக்கா போட்டுவிட்டாள், அவன் கை தொங்கப்போட்டு நின்றான், அவ்வளவுதான். அதன் பிறகு வெண்டைக்காய் நறுக்கினான், துணி மடித்தான், வீட்டு முகவரி சொன்னான். பதினேழு வயதில் மையத்து வாசலில் டவுன் பஸ் ஏறி எங்கள் நிறுத்தத்தில் தனியாக இறங்கினான். இப்போது அங்கேயே பாக்குமட்டைத் தட்டுகளைத் துடைத்துப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டுகிறான். வலிப்பும் வருஷத்துக்கு ஒன்று, இரண்டோடு நிற்கிறது. ஐந்து வயதில் அவன் அந்தப் பாயில் தானே போய் உட்கார்ந்தான். அன்றே விட்டிருந்தால் இதையெல்லாம் எப்போது கற்றிருப்பான் என்று கணக்குப் போடாமல் இருக்கப் பார்க்கிறேன். ஒரு பிள்ளைக்காக இன்னொன்றைக் கஷ்டப்படுத்தினேன் என்று சொன்னால்கூட ஒரு நியாயம் இருக்கும். இரண்டு பேருக்குமே நஷ்டம்.

மகள் பி பிரிவில் உட்கார்ந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பக்கத்தில் தம்பி இருந்த இடம் அது. மற்ற பிள்ளைகள் எல்லாம் எப்போதோ ஜோடி ஜோடியாகச் சேர்ந்து முடித்திருந்தார்கள். மாடிக்குப் போன அந்தப் பழைய தோழிகள் பத்தாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு இவளைச் சரியாக ஞாபகம் இல்லை. டீச்சர்கள்கூட அவளை ‘அவன் அக்கா’ என்றுதான் கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். பன்னிரண்டு முடிக்கும் வரை அவளைத் தேடி எங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்ததில்லை. வீட்டுப்பாடம் கேட்டு போன் செய்வார்கள், அதோடு சரி.

அவள் டாக்டருக்குப் படிப்பாள், இல்லாவிட்டால் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு டீச்சராகப் போவாள் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். நானும் மனதில் அப்படித்தான் வைத்திருந்தேன். அவள் துணி, நூல் சம்பந்தமான படிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். திருநெல்வேலியிலேயே நல்ல கல்லூரி எல்லாம் இருக்கிறதே என்றேன். இந்தப் படிப்பு கோயம்புத்தூரில்தான் இருக்கிறது என்றாள். அதனால்தான் அந்தப் படிப்பை எடுத்தாளோ என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை. ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எந்தக் கட்டில் வேண்டும் என்று கேட்டாள். மகள் பதில் சொல்ல ஒரு நொடி ஆனது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பிக்கு வீடியோ கால் போடுவாள். அவன் அந்த வாரம் கட்டிய தட்டுகளைக் காட்டுவான். அவர்கள் இரண்டு பேருக்குள் சில சொற்கள் உண்டு, எங்களுக்கு விளங்காது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவர்களாக உண்டாக்கிக்கொண்டது. அவன் ஒன்று சொல்வான், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை.

போன வருஷம் சாரல் சமயத்தில் ஒரு வார லீவுக்கு வந்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் மையத்தில் பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டு, பதினெட்டு தாண்டிய பிள்ளைகளுக்குச் சட்டப்படி காப்பாளர் நியமிக்கக் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தென்காசி தனி மாவட்டமான பிறகு அதற்குத் திருநெல்வேலி போக வேண்டியதில்லை. நான் படிவம் வாங்கி வந்து பூர்த்தி செய்தேன். என் பெயர், மனைவி பெயர். எங்களுக்குப் பிறகு யார் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. மகள் பெயரை எழுதி, பீரோவில் இருந்த அவள் ஆதார் நகலையும் பின் அடித்து வைத்தேன். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வந்த மறுநாள் காலை, வெளியே தூறிக்கொண்டிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் படிவத்தையும் பேனாவையும் வைத்தேன். அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தாள்.

“என் பேர எப்போ எழுதுனீங்க?”

“போன வாரம்.”

“நான் வாரேன்னு போன வாரமே போன்ல சொன்னேனே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், பள்ளி அலுவலகத்தில் நின்று அவள் அம்மாவுக்கும் சம்மதம் என்று சொன்ன அதே ஆளாகவே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன் என்று விளங்கியது. இடையில் பட்டதெல்லாம் என்னை எங்கேயும் மாற்றவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். இந்தப் படிவம் மட்டும் இல்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாமே தப்பு, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். என் மனைவி பக்கத்து அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

மகள் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

“நீங்க மன்னிப்புக் கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும்பா. என்னால சொல்ல முடியாது. அது சாதாரண விஷயம் இல்ல. நீங்க இப்படி அழுதுக்கிட்டே இருந்தா நான்தான் உங்களச் சமாதானப்படுத்தணும். அதுவும் எனக்கு ஒரு வேலையாத்தான ஆவும்?”

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு, தம்பியை விட்டுவிடுவாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. வாயில் வந்துவிட்டது.

“விட மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சதுனாலதான் கேக்காம எழுதுதீங்க. இப்போ என் பேரப் போடாதீங்க. நானா வந்து போடுங்கன்னு சொன்னா போடுங்க. சொல்லாமலும் இருக்கலாம்.”

படிவத்தை மடக்காமல் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தம்பியை எழுப்பப் போனாள். மீதி நாள்களிலும் சாதாரணமாகத்தான் இருந்தாள். அவனோடு கேரம் ஆடினாள், அம்மாவோடு கடைக்குப் போனாள், என்னிடமும் பேசினாள். பஸ் ஏறும்போது, சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

புதுப் படிவம் வாங்கி எழுதினேன். அந்த வரியை வெறுமனே விட்டேன். மகனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனபோது, அங்கிருந்த அலுவலர் அதைக் கவனித்துவிட்டு, வேறு பிள்ளைகள் இல்லையா என்று கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள், கோயம்புத்தூரில் படிக்கிறாள் என்றேன். பிறகென்ன, அவள் பெயரைப் போட்டுவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார்.

“அவகிட்ட கேக்கணும் சார்.”

“சரி, கேட்டுட்டு வாங்க.”

“கேட்டுட்டேன் சார்” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் சேர்க்க வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். சாயங்காலம் மகளுக்கு போன் செய்து, கொடுத்துவிட்டேன், உன் பெயர் அதில் இல்லை என்று சொன்னேன். சரிப்பா என்றாள். ஊரில் மழை உண்டா என்று கேட்டாள். இல்லை, விட்டுவிட்டது என்றேன். தம்பி இருந்தால் கொடுங்கள் என்றாள். அவன் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். கொடுத்தேன்.